பிரசீதா சேச்சி மிச்சம்பிடித்த நேரம்

எனக்குப் பொறாமை உண்டு. அதை மூடி மறைத்துப் பேசுகிற பழக்கம் எனக்கில்லை. எங்கள் வாசகசாலையில் ஞாயிறுதோறும் நடக்கும் மாதிரித் தேர்வில் பிரசீதா சேச்சிதான் முதலில் வருவாள். நான் நாலாவது, ஐந்தாவது என்று தொங்கிக்கொண்டிருப்பேன். நன்றாகப் படிக்கிறவள் முதலில் வரட்டும், எனக்கென்ன ஆட்சேபம்? ஆனால் சேச்சிக்குப் படிக்க நேரம் எங்கே இருக்கிறது? அதுதான் என் மண்டையைக் குடைந்தது.

நீங்களே பாருங்கள். பக்கத்து டவுன் மண்ணார்க்காட்டில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் துணிக்கடையில் அவளுக்கு வேலை. காலை பஸ்ஸில் போனால் சாயங்கால பஸ்ஸில் திரும்புவாள். நாள் முழுக்க நின்ற காலோடு சேலை விரித்து சேலை மடிக்க வேண்டும். வீட்டில் இரண்டு பிள்ளைகள், முட்டி வலிக்கிற மாமியார், ஒரு பசு. புருஷன் ஷார்ஜாவில் லாரி ஓட்டுகிறான். நானோ சிறக்குளம் பால் சொசைட்டியில் காலையும் மாலையும் பால் அளக்கிறவள். நடுவில் பகல் முழுக்க எனக்கே சொந்தம். கல்யாணமும் ஆகவில்லை, கன்றுக்குட்டியும் இல்லை. அப்படியிருந்தும் நான் ஐந்தாவது.

அடுத்து வரப்போகிற கேரள அரசு கிளார்க் தேர்வு எங்கள் எல்லாருக்கும் முக்கியம்தான். ஆனால் எனக்கு இது போனால் இன்னொன்று வரும். சேச்சிக்கு வராது. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். நாற்பது தாண்டினவர்களைக் கவுண்டரில் நிறுத்துவதில்லை என்று கடை மேனேஜரும் ஜாடையாகச் சொல்லியாயிற்று. "இந்த லிஸ்ட்ல பேர் வரலேன்னா நான் பசுவோட சேர்ந்து தொழுவத்துலதான் நிக்கணும்" என்று சேச்சி சிரித்துக்கொண்டே சொல்வாள். கேட்கிற எங்களுக்குச் சிரிப்பு வராது.

வாசகசாலைக் குழுவை நடத்துகிற ஹசீனாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சேச்சி எப்போது பார்த்தாலும் யாருக்கோ மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருக்கிறாள் என்று.

"எவனோ ஒரு கோச்சிங் மாஸ்டரைப் பிடிச்சு வச்சிருக்கா. ரகசியமா சொல்லிக் கொடுக்கிறான். இல்லேன்னா எப்படிடீ?" என்றாள் ஹசீனா.

"கண்டுபிடிச்சுக் காட்டட்டுமா?" என்றேன் நான். எனக்கு இந்த மாதிரி வேலை என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

சொசைட்டி வேலையாக ஒருநாள் மண்ணார்க்காடு போக வேண்டியிருந்தது. வேண்டுமென்றே சேச்சி போகிற பஸ்ஸில் ஏறினேன். கூட்டம் பிதுங்கியது. சேச்சி ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஃபோனில் தட்டிக்கொண்டிருந்தாள். நான் நாலு பேரை இடித்துத் தள்ளி, நாலு பேரிடம் திட்டு வாங்கி, அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவள் தட்டிய வரியின் நடுவில் ஒரு எழுத்து தவறியிருந்தது. நானாக இருந்தால் கடைசியிலிருந்து எல்லாவற்றையும் அழித்துக்கொண்டே வந்து மறுபடி தட்டுவேன். அல்லது விரலால் அந்த இடத்தைக் குத்திக் குத்திப் பார்ப்பேன், அது பக்கத்து எழுத்தில் போய் உட்காரும், எனக்கு ஆத்திரம் வரும். சேச்சி அதெல்லாம் செய்யவில்லை. கீழே இருக்கிற நீளமான இடைவெளிப் பட்டையில் கட்டைவிரலை வைத்து லேசாக இடப்பக்கம் தேய்த்தாள். மேலே வரிக்குள் நிற்கிற அந்தச் சின்னக் கோடு எழுத்தெழுத்தாக நடந்து போய், தவறின இடத்தில் நின்றது.

"சேச்சி! இப்ப என்ன பண்ணீங்க?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஐயோ ஜிஷா, நீயா? பேய் மாதிரி காதுல கத்துறியே. என்ன பண்ணேன்?"

"அந்தக் கோடு. அது நடந்துச்சே!"

"ஓ, அதுவா. இந்தப் பட்டையில விரலை வச்சு நகர்த்தினா அதுவும் நகரும். உன் ஃபோன்லயும் உண்டு. செஞ்சு பாரு."

செய்து பார்த்தேன். நடந்தது. இத்தனை வருஷமாக என் கையிலேயே இருந்த பொருள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் ஃபோனை வெளியே வீசியிருப்பேன், தவணை பாக்கி இருந்ததால் விட்டேன்.

சந்தேகத்தை மறக்கவில்லை. "யாருக்கு சேச்சி மெசேஜ்?" என்று கேட்டபடியே எட்டிப் பார்த்தேன். மேலே முதல் ஆளாக ஒட்டி வைத்திருந்தது அவளுடைய படம்தான். அவள் நம்பருக்கு அவளே அனுப்பிக்கொண்டிருந்தாள். வழியில் பார்த்த போஸ்டரில் இருந்த ஒரு பேர், கடையில் ரேடியோவில் கேட்ட ஒரு செய்தி, 'புண்ணாக்கு வாங்கணும்', 'இந்திய நதிகள் மறுபடி பார்', எல்லாம் வரிசையாகப் போயிருந்தன.

"உங்களுக்கு நீங்களேவா?"

"வேற யாருக்கு அனுப்ப? இவ திருப்பி எதுவும் கேக்க மாட்டா. சாப்டியா, எப்ப வருவேன்னு நச்சரிக்க மாட்டா. நல்ல பொண்ணு."

ஹசீனாவிடம் கோச்சிங் மாஸ்டர் யாரென்று சொன்னேன். அவள் நம்பவே இல்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு வேறு பைத்தியம் பிடித்துக்கொண்டது. இந்த ஃபோனுக்குள் இன்னும் என்னென்ன ஒளித்து வைத்திருக்கிறாள்? வாசகசாலையில் அவள் பக்கத்து நாற்காலியை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நாங்கள் எல்லாரும் நாளிதழிலிருந்து நடப்புச் செய்திகளைப் பக்கம் பக்கமாக எழுதி எடுத்துக்கொண்டிருப்போம். சேச்சி பத்திரிகைக்கு நேரே கேமராவைப் பிடிப்பாள். வேண்டிய பத்தியை விரலால் தடவுவாள். அச்செழுத்து அப்படியே எழுத்தாக உருவப்பட்டு அவள் மெசேஜுக்குள் போய் விழும். கேமரா எடுக்கவும் அவள் எங்களைப் போல் பூட்டைத் திறந்து தேடமாட்டாள். பக்கவாட்டுப் பொத்தானை டக் டக் என்று இரண்டு தட்டு, அவ்வளவுதான்.

"இதை ஏன் எங்களுக்குச் சொல்லல?" என்று சண்டைக்குப் போனேன்.

"நீங்க கேக்கலையே. நீங்க எழுதறதைப் பாத்து, எழுதினாத்தான் உங்களுக்கு மனசுல நிக்கும் போலன்னு நெனச்சேன்." குத்தலா, உண்மையா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவள் வீட்டுக்கும் ஒரு காலை போனேன். சமையலறையில் ஒரு பெண்குரல் வைக்கம் சத்தியாக்கிரகத்தைப் பற்றி உணர்ச்சியே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தது. சேச்சி அடுப்பு மேடையில் உட்கார வைத்த ஃபோனுக்குப் பக்கத்தில் மத்தி மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். பாடக்குறிப்புகளை ஃபோனே வாசித்துக் காட்டுகிறது. வருஷத்தை மட்டும் அதற்கு வாசிக்கத் தெரியவில்லை. ஒன்று, ஒன்பது, இரண்டு, நான்கு என்று யாரோ ஃபோன் நம்பர் கொடுப்பதுபோல் சொன்னது. சேச்சி அதோடு சேர்ந்து முணுமுணுத்தாள்.

வாசலில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மாமியார் ஜானகியம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அந்தப் பொண்ணை ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் பேசச் சொல்லு. விடிஞ்சதுலேர்ந்து தொண்டை வத்தக் கத்துது."

அப்போது ஷார்ஜாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. சேச்சி சுண்டுவிரலால் ஒரே ஒரு எழுத்தைத் தட்டினாள். 'சாப்பிட்டாச்சு. பிள்ளைங்க நல்லா இருக்காங்க. அம்மாவுக்கு முட்டி பரவாயில்ல. நீங்க சாப்பிட்டீங்களா? வண்டி பாத்து ஓட்டுங்க' என்று முழுசாக வந்து நின்றது. அனுப்பினாள்.

"அடப்பாவி சேச்சி! கட்டின புருஷனுக்கே ரெடிமேடா?"

"அவரு தினமும் இதேதானே கேக்கறாரு. நான் தினமும் இதேதானே சொல்றேன். முழுசா தட்டினா மட்டும் என்ன, முட்டி நல்லாயிடுமா? ஞாயித்துக்கிழமை உக்காந்து பேசுவோம். அதுல ஒரு எழுத்தும் ரெடிமேட் இல்ல, போ."

மீன் கழுவின கையைத் துடைத்துவிட்டு அவள் தன் கொள்கையைச் சொன்னாள். "தலையில எதையும் வச்சுக்கக் கூடாது ஜிஷா. தலை படிக்கறதுக்கு மட்டும். கேஸ் புக் பண்ணணும், பசுவுக்கு ஊசி போடணும், பாஸ்வேர்டு, பூட்டு, சாவி, எல்லாத்தையும் இதுக்குள்ள போட்டுட்டேன். வேணுங்கறப்ப அதுவே எடுத்துக் குடுக்கும். நமக்கு எதுக்கு அந்த பாரம்?"

எனக்கு இது பெரிய ஞானமாகத் தெரிந்தது. அன்று மத்தியானமே நானும் உட்கார்ந்தேன். நேரத்தை மிச்சம்பிடிக்க என்னென்ன வழி என்று ஃபோனிலேயே தேடிப் பார்த்தேன். ஒன்று பார்த்தால் இன்னொன்று, அதைப் பார்த்தால் அடுத்தது. சொசைட்டிக்குப் பால் கொண்டுவந்தவர்கள் வாசலில் நின்று சத்தம் போட்டபோதுதான் சாயங்காலம் ஆகிவிட்டது தெரிந்தது. ஒரு வரி படித்திருக்கவில்லை. அந்த ஞாயிறும் ஐந்தாவதுதான் வந்தேன். அவளிடம் இருக்கிற வித்தையெல்லாம் இப்போது என்னிடமும் இருக்கிறதே, மிச்சமான நேரம் மட்டும் என்னிடம் ஏன் தங்கவில்லை? அவள் அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறாள்? இந்தக் கேள்வி எனக்கு இன்னும் பெரிதாகிவிட்டது.

இதற்கிடையில் கன்ஃபர்மேஷன் வந்தது. விண்ணப்பம் போட்டால் மட்டும் எங்கள் ஊரில் தேர்வு எழுதிவிட முடியாது. தேர்வுக்கு முன்னால், 'நிச்சயமாக எழுத வருகிறேன்' என்று நம் கணக்குக்குள் போய் மறுபடி ஒருமுறை உறுதி சொல்ல வேண்டும். அதற்கு ஒரு கெடு தேதி. சொல்லாமல் விட்டால் நுழைவுச்சீட்டு வராது. அழுதாலும் வராது, காலில் விழுந்தாலும் வராது. நான் முதல்நாளே கொடுத்துவிட்டேன். என்னை நான் நம்புவதில்லை.

கெடுவின் கடைசி நாளன்று மத்தியானம் குழுவில் ஹசீனா கேட்டாள், எல்லாரும் கொடுத்தாச்சா என்று. கொடுத்தாச்சு, கொடுத்தாச்சு என்று வரிசையாக விழுந்தது. சேச்சி மட்டும் பதில் சொல்லவில்லை. கடையில் ஃபோனை வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அதனால் பகலில் பார்க்கமாட்டாள். எனக்கு ஏனோ உள்ளே உறுத்தியது. கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. சேச்சியின் ஃபோன் அணைந்து நான் பார்த்ததே இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். ஜானகியம்மா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஃபோனா? அது முந்தாநாள் மீன் கழுவின சட்டிக்குள்ள விழுந்துடுச்சு மோளே. நல்லா பேசிட்டே இருந்துச்சு, கடைசியில களக்களக்னு ஒரு சத்தம், அதோட போச்சு. மண்ணார்க்காட்டுல ரிப்பேருக்குக் குடுத்திருக்கா. வீடே அமைதியா இருக்கு."

சேச்சி கன்ஃபர்மேஷனுக்கு என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். தலையில் வைத்திருக்கமாட்டாள். நேற்று அவளுக்கு வார விடுமுறை. விடுமுறையன்று நிதானமாகக் கொடுக்கலாம் என்று ஃபோனை நினைவூட்டச் சொல்லி வைத்திருப்பாள். நினைவூட்ட வேண்டியது மீன் தண்ணீரில் செத்துப் போயிற்று.

சாயங்காலப் பாலை அளக்க பக்கத்து வீட்டு ரீஜாவைக் கெஞ்சி நிறுத்திவிட்டு மண்ணார்க்காடு பஸ்ஸைப் பிடித்தேன்.

துணிக்கடையில் ஓணம் சீசன். காலை உள்ளே வைக்க இடமில்லை. மேனேஜர் சேதுவேட்டன் கைகட்டி நின்று ஒவ்வொரு பெண்ணின் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை நேரத்தில் சொந்தப் பேச்சு கூடாது. வாடிக்கையாளராக வந்தால் பேசலாம்தானே? நேரே சேச்சியின் கவுண்டர் முன்னால் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"செட்டு முண்டு காட்டுங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, குரலை இறக்கி, "சேச்சி, கன்ஃபர்மேஷன் குடுத்தீங்களா?" என்றேன்.

சேச்சி சிரித்த முகத்தோடு, ஓணத்துக்கு உடுத்துகிற ஜரிகைக் கரைச் செட்டு முண்டு ஒன்றை எடுத்து விரித்தாள். "நேத்து ஃபோன் சொல்லும்னு…" பாதியில் நின்றுவிட்டாள். விரித்த துணி கையிலிருந்து நழுவியது. "ஜிஷா. கடைசி நாள் என்னைக்கு?"

"இன்னிக்கு."

"தெய்வமே."

"கரை கொஞ்சம் அகலமா இருக்கறது காட்டுங்க!" சேதுவேட்டன் எங்கள் பக்கம் பார்த்ததால் கத்தினேன். "பயப்படாதீங்க சேச்சி. ராத்திரி பன்னெண்டு வரைக்கும் நேரம் இருக்கு. என் ஃபோன்லயே குடுத்துடலாம். உங்க ஐடி, பாஸ்வேர்டு சொல்லுங்க."

சேச்சி இன்னொன்றை விரித்தாள். அதை மடித்தாள். மறுபடி விரித்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"தெரியாதுடீ."

"தெரியாதா?"

"அதுவே போட்டுக்கும். நான் ஒரு தடவைகூட தட்டினதில்ல. எந்த எழுத்துல ஆரம்பிக்கும்னுகூட…"

கேரளத்தின் நாற்பத்துநாலு நதிகளையும் தெற்கிலிருந்து வடக்காகவும் வடக்கிலிருந்து தெற்காகவும் ஒப்பிக்கிறவள். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே அவளைப் பிடித்து உலுக்கியிருப்பேன். ஆனால் அவள் அதே துணியை மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள். கோபம் அப்படியே வேறு பக்கம் திரும்பி, பின்னால் வந்து நின்ற சேதுவேட்டன் மேல் விழுந்தது.

"என்ன பிரசீதா, ஒரு கஸ்டமர்கிட்ட இவ்வளவு நேரம்?" என்றான் அவன்.

"சேச்சி என்கூட வர்றாங்க. இப்பவே" என்றேன்.

"சீசன் நேரத்துல அதெல்லாம் முடியாது. இப்ப போனா அரைநாள் லீவுதான்."

"முழுநாளே போட்டுக்குங்க! இங்க ஒரு மனுஷியோட வாழ்க்கை போகுது, உங்களுக்கு சேலை மடிக்க ஆளில்லையா? இதோ நீங்க சும்மாதானே நிக்கறீங்க, மடிங்க!"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். சேச்சி தோளில் மாட்டியிருந்த அளவு நாடாவை எடுத்துக் கவுண்டரில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அப்படி ஒருநாளும் அவள் வந்ததில்லை.

ஸ்டாண்டின் மூலையில் அன்ஷாத்தின் ரிப்பேர் கடை. சேச்சியின் ஃபோன் பிரித்துப் போட்டுக் கிடந்தது. கடை முழுக்க லேசாக மத்தி வாசம்.

"இது பிழைக்காது சேச்சி. உப்புத்தண்ணி உள்ள எல்லாத்தையும் அரிச்சிடுச்சு. கூட மசாலாவும் போட்டீங்களா?" என்றான் அன்ஷாத்.

"கிண்டல் அப்புறம். அந்த சிம் கார்டை எடு" என்றேன்.

அதை என் ஃபோனின் காலி இடத்தில் போட்டோம். 'ஐடி மறந்துவிட்டதா' என்று கேட்கிற இடத்தில் அமுக்கி, சேச்சியின் நம்பரையும் பிறந்த தேதியையும் கொடுத்தோம். ஐடி வந்தது. பிறகு 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா'. அதற்கொரு எண் வந்தது. புதிதாக ஒரு பாஸ்வேர்டை சேச்சி யோசித்து வைத்தாள். வாயைத் திறந்து மூன்று தடவை என்னிடம் ஒப்பிக்க வைத்தேன். அன்ஷாத் காதைப் பொத்திக்கொண்டான்.

உள்ளே நுழைந்தாயிற்று. கன்ஃபர்மேஷன் பக்கமும் திறந்தது. தேர்வு மொழியைத் தேர்ந்தெடுத்தோம். இனி கடைசியாக ஒரே ஒரு எண் வர வேண்டும், அதைப் போட்டு அமுக்க வேண்டும். எண்ணை அனுப்பச் சொன்னோம். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் வெளியே எங்கள் மலை பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் அடுத்தது வெகு நேரம் கழித்துத்தான்.

"ஓடுங்க சேச்சி, பஸ்ல வரட்டும்."

இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. சேச்சி ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில், என் கையில் ஃபோன். வட்டம் இன்னும் சுற்றியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏதாவது பேசினால் தேவலை போலிருந்தது. இத்தனை நாளாக மனசில் கிடந்ததை அப்போது கேட்டுவிட்டேன்.

"சேச்சி, ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பட்டை, இந்தப் பொத்தான், ஒத்தை எழுத்துன்னு இவ்வளவு நேரத்தை மிச்சம் பிடிக்கறீங்களே. அதையெல்லாம் வச்சு என்ன பண்றீங்க? எந்நேரமும் படிப்புதானா?"

சேச்சி என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "படிப்பா? தூங்குவேன்டீ."

"என்னது?"

"தூங்குவேன். பஸ்ல இடம் கிடைச்சா தூங்குவேன், ஸ்டாப் வந்தா ஃபோன் அதிரும். மத்தியானம் சோத்துக்கு விடற நேரத்துல பாதி, ஸ்டோர் ரூம்ல துணிக்கட்டு மேல. பால் கறந்த அப்புறம் கொஞ்சம், தொழுவத்துத் தூண்ல சாஞ்சு. கை வேலை செய்யறப்ப காது படிச்சிடுது. கையும் காதும் சும்மா இருந்தா தூங்கிடணும். இல்லேன்னா நின்னு நின்னு ஒருநாள் கவுண்டர்லயே விழுந்துடுவேன். நீங்கள்லாம் ராத்திரி நல்லாத் தூங்கறீங்க. எனக்குப் பிள்ளைங்க தூங்கணும், அவரு ட்யூட்டி முடிச்சுக் கூப்பிடணும், பசு…"

பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் அவள் தலை என் தோளில் வந்து விழுந்தது. நான் முதலில் மயக்கம் என்று பயந்துவிட்டேன். மூச்சு சீராக வந்தது. இவளுடைய வாழ்க்கை என் கையில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, இவள் தூங்குகிறாள்! உலுக்கி எழுப்பத்தான் கையைத் தூக்கினேன். எழுப்பவில்லை.

நான் இத்தனை மாதமும் யாரோடு போட்டி போட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். ரகசிய மாஸ்டர் என்றோம், பெரிய சூத்திரம் என்றோம். கண்ணை மூட நேரமில்லாத ஒருத்தி, நொடி நொடியாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் அழுவது எனக்குப் பிடிக்காது, மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.

ரப்பர் தோட்ட வளைவுகளில் சிக்னல் சுத்தமாகப் போயிற்று. வட்டமும் நின்றது. எண்ணை மறுபடி கேட்கும்படி சொன்னது பக்கம். கேட்டேன். போகவில்லை. மறுபடி கேட்டேன். பால் சொசைட்டி நிறுத்தம் வந்தது, என் நிறுத்தம். கண்டக்டர் மணியேட்டன் திரும்பிப் பார்த்தார்.

"ஜிஷே, எறங்கலையா?"

இல்லை என்று தலையாட்டினேன். அசைந்தால் சேச்சி விழித்துக்கொள்வாள். பஸ் ஏறிக்கொண்டே போனது. மேட்டில் செல்ஃபோன் கோபுரத்தின் சிவப்பு விளக்கு தெரிந்ததும் என் கையில் ஃபோன் ஒரு துள்ளு துள்ளியது. எண் வந்துவிட்டது. ஒவ்வொரு இலக்கமாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே போட்டேன். ஒரு தடவை சரிபார்த்தேன். எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம், ஹசீனாவின் தெய்வத்தையும் சேர்த்து, கூப்பிட்டுவிட்டு அமுக்கினேன்.

பக்கம் வெள்ளையாக நின்றது. பிறகு பச்சை எழுத்தில் வந்தது: உறுதி செய்யப்பட்டது. கீழே சேச்சியின் பெயர், அவளுடைய பழைய படம், அதில் முகம் இவ்வளவு களைத்திருக்கவில்லை.

"ஆலஞ்சுவடு, ஆலஞ்சுவடு எறங்கறவங்க!" மணியேட்டன் குரல் கொடுத்தார். சேச்சியின் நிறுத்தம். அவள் அசையவில்லை. தினமும் அதிர்ந்து எழுப்புகிற ஃபோன் மண்ணார்க்காட்டில் துண்டு துண்டாகக் கிடந்தது.

மணியேட்டன் எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "பிரசீதாவை எழுப்பு மோளே."

"மணியேட்டா, வண்டி மேல போய் எவ்வளவு நேரம் நிக்கும்?"

"டீ குடிச்சுட்டு, அரைமணி. ஏன்?"

"திரும்பி வர்றப்ப எறங்கிக்கறோம். மேல போக ரெண்டு டிக்கெட், கீழ வர ரெண்டு டிக்கெட் குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார், சேச்சியைப் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, இரட்டை மணி அடித்தார். ஜானகியம்மாவின் பக்கத்து வீட்டுக்கு, வர இன்னும் கொஞ்ச நேரமாகும், பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிடுங்கள் என்று ஒரு செய்தியை முழுசாகத் தட்டி அனுப்பினேன். பின்சீட்டில் யாரோ ஃபோனில் சத்தமாகப் பாட்டுப் போட்டார்கள். திரும்பி ஒரு முறை முறைத்தேன். அணைத்துவிட்டார்கள்.